பையைப் பார்த்தது யார்?

காவல் பணிக்கோ பாதுகாப்புப் பணிக்கோ ஆங்கிலம் கற்கிறவர்களுக்கான பாடம் எதைத் திறந்தாலும் முதலில் ஒரு சொற்பட்டியல் நிற்கும். சஸ்பெக்ட், விட்னஸ், விக்டிம், அரெஸ்ட், வாரன்ட், ஹேண்ட்கஃப்ஸ், எவிடென்ஸ். பக்கத்திலேயே படங்கள், கீழே ‘பொருத்துக’. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கதை. திருடன் ஓடுகிறான், போலீஸ்காரர் துரத்துகிறார், கைது செய்கிறார். கதைக்குக் கீழே நான்கைந்து கேள்விகள். இந்த மாதிரிப் பாடங்களை நானும் நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் ஏதோ ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள், ஒரு பக்க அளவுள்ள நிஜமான ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் திணறினார்கள். அந்த ரிப்போர்ட்டில் அவர்களுக்குத் தெரியாத பெயர்ச்சொல் ஒன்றுகூட இருக்காது. அரெஸ்ட், வாரன்ட், லாக்கப், கேஸ் எல்லாம் ஏற்கெனவே நம் பேச்சில் குடியேறிவிட்ட சொற்கள்தானே. அவற்றைக் கற்றுக்கொடுக்க ஆசிரியரே தேவையில்லை.

என்னிடம் வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவு முழுக்கக் கட்டடக் காவலில் நின்றுவிட்டு, தூக்கம் கலையாத கண்ணோடு காலை வகுப்பில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்கிறவர்கள், துறைமுகப் பாதுகாப்பில் இருப்பவர்கள், காவலர் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், அயல்நாட்டு அமைதிப்படைக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லாருமே உண்டு. இவர்களுக்கு ஆங்கிலம் ஒரு அலங்காரம் கிடையாது. ஒரு வரியைத் தப்பாகப் படித்தால் திறக்கக்கூடாத கதவு திறக்கும், போக வேண்டிய ஆம்புலன்ஸ் வேறு தெருவுக்குப் போகும். அதனால்தான் அவர்கள் கையில் நாம் கொடுக்கும் பாடம் குறித்து எனக்கு இவ்வளவு அக்கறை.

ஒரு பத்தியும் ஒரு கேள்வியும்

ஒருநாள் பாடப்புத்தகக் கதையை ஓரம் வைத்துவிட்டு, நானே ரிப்போர்ட் நடையில் ஒரு பத்தி எழுதிக்கொண்டு போனேன். விஷயம் இதுதான். கிடங்கு ஒன்றின் பின்பக்கம் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறார். போலீஸார் வந்து சேர்ந்தபோது பின்சுவரை ஒட்டி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அந்த ஆள் அன்று மாலை ஒரு பை ‘ரிப்போர்ட்டட்லி’ வைத்திருந்தார். பை எதுவும் கிடைக்கவில்லை. கிடங்கின் ஜன்னல் உடைந்திருந்தது. மொத்தம் ஆறு வாக்கியங்கள், அகராதி தேவைப்படாத சொற்கள். கடைசியில் ஒரே கேள்வி: பையைப் பார்த்தது யார்?

வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் போலீஸார் என்றார்கள். ஒரு பையன் இன்னும் ஒருபடி மேலே போய், “திருடன் பையோட நிக்கிறான் மேடம், போலீஸைப் பார்த்ததும் பையைத் தூக்கி எறிஞ்சிட்டான்” என்றான். பத்தியில் திருடன் என்ற சொல்லே இல்லை. எறிந்தான் என்றும் இல்லை. அவன் படித்தது அந்தப் பத்தியை விட்டுவிட்டு, முந்தைய பாடங்களில் படித்த படக்கதையை. எல்லாக் கதையிலும் திருடன் ஓடுவான், போலீஸ் பிடிக்கும் என்று பழக்கி வைத்தால், சுவரோரம் நிற்கிற மனிதர் அவன் கண்ணுக்குத் திருடனாகத்தானே தெரிவார்? அவனைச் சொல்லிப் பயனில்லை. சொற்களை மட்டும் கோத்துப் படித்தால் நடுவில் விடுபட்ட இடங்களை மனம் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

வகுப்பின் கடைசியில் வயதில் மூத்த ஒருவர் உட்கார்ந்திருப்பார், ராக்காவல் வேலை பார்ப்பவர். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே மெதுவானவர் அவர்தான். பத்தியில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டே வந்தார். “பை வச்சிருந்தான்னு போடல மேடம். வச்சிருந்தானாம்னு போட்டிருக்கு. யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு இதுல இல்ல.” எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம் அன்று முழுக்க என் மனத்திலேயே இருந்தது. டியூட்டி மாற்றிக்கொள்ளும்போது முந்தின ஷிப்ட் ஆள் சொன்னதையும் தான் கண்ணால் பார்த்ததையும் கலக்கவே கூடாதாம். கேட் பூட்டியிருந்தது என்று நோட்டில் எழுதினால் நாளைக்குக் கேள்வி அவரிடம்தான் வரும். பூட்டியிருந்ததாகச் சொன்னார் என்று எழுதினால் கேள்வி சொன்னவரிடம் போகும். இந்த வேறுபாட்டை வைத்தே அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

தமிழில் அந்த வேலையைச் செய்ய ஓர் ‘ஆம்’ போதும். வந்தான், வந்தானாம். நான் பார்த்தேனா, பிறர் சொல்லக் கேட்டேனா என்பதை வினையின் வாலிலேயே கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இது வாக்கியத்தின் நடுவில் எங்கோ ஒரு தனிச்சொல்லாக ஒளிந்திருக்கும். ரிப்போர்ட்டட்லி, அலெஜ்ட்லி, க்ளெய்ம்ட், ஸ்டேட்டட், அப்பியர்ட் டு பி. அவசரமாகப் படிக்கிறவர் கண்ணில் படாமல் தாண்டிப் போகிற சொற்கள் இவைதான். சொற்பட்டியல்களில் இவை கடைசிப் பக்கத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. படம் போட முடியாதல்லவா!

அன்றிலிருந்து என் பாடத்தின் வரிசை தலைகீழானது. முதலில் இந்தச் சொற்கள், ஹேண்ட்கஃப்ஸ் எல்லாம் பிறகு. எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் மூன்றில் ஒன்றை எழுதச் சொல்கிறேன்: பார்த்தது, கேட்டது, ஊகித்தது. குடித்திருந்தார் என்பது ஊகம். சாராய வாடை வந்தது, நடை தள்ளாடியது என்பவை பார்த்தவை. சர்க்கரை அளவு குறைந்து மயங்குகிறவரும் தள்ளாடுவார், நாக்கும் குழறும். அவரைக் குடிகாரர் என்று எழுதி ஓரமாக உட்கார வைத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த ஓர் உதாரணம் போதும், அதன் பிறகு வகுப்பில் யாரும் இந்தப் பயிற்சியை இலக்கணம் என்று அலுத்துக்கொள்வதில்லை.

தூக்குமேடை வரை போன நடை

ரிப்போர்ட் நடையை ஏன் இவ்வளவு கூர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் டெரெக் பென்ட்லியின் வழக்கைச் சொல்வதுண்டு. 1952 நவம்பரில் லண்டனை அடுத்த க்ராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் நடந்த சம்பவம். திருட ஏறியவர்கள் இருவர்: பதினாறு வயது க்ரிஸ்டோஃபர் க்ரெய்க், பத்தொன்பது வயது பென்ட்லி. சிட்னி மைல்ஸ் என்ற காவலரைச் சுட்டது க்ரெய்க். அப்போது பென்ட்லி ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தார். க்ரெய்க்குக்குத் தூக்குத் தண்டனை விதிக்க வயது போதவில்லை. கொலையில் பென்ட்லிக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாகி, அவரை 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். எழுத்தறிவு மிகக் குறைந்த அந்த இளைஞர் தானாகவே சொல்லச் சொல்ல எழுதியது என்று ஒரு வாக்குமூலம் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. கேள்வி கேட்டு வாங்கிய பதில்களையும் சேர்த்துத்தான் அது உருவானது என்பது பென்ட்லியின் தரப்பு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு மால்கம் கோல்ட்ஹார்ட் என்ற மொழியியலாளர் அந்த வாக்குமூலத்தை வரிவரியாக ஆராய்ந்தார். அவர் கையில் எடுத்தது ‘தென்’ (then, அதாவது ‘பிறகு’) என்ற சாதாரண ஆங்கிலச் சொல். பேச்சு ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும், ‘நான்’ அதன் பிறகு வரும். பென்ட்லியின் வாக்குமூலத்திலோ ‘ஐ தென்’ என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அது போலீஸ் ரிப்போர்ட்டுகளின் நடை என்று மற்ற வாக்குமூலங்களோடு ஒப்பிட்டு அவர் காட்டினார். அதோடு, யாரும் எதுவும் கேட்காதபோது ஒருவர் ‘நான் அதைச் செய்யவில்லை, இதைப் பார்க்கவில்லை’ என்று ஏன் சொல்ல வேண்டும்? அந்த எதிர்மறை வாக்கியங்களுக்குப் பின்னால் எழுதப்படாத கேள்விகள் இருப்பதையும் சுட்டினார். 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்கு முதன்மையான காரணம் விசாரணை நீதிபதி ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தில் இருந்த குறைகள். மொழி ஆய்வினால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வாக்குமூலம் எழுதப்போகும் எவரும் இந்த வழக்கைத் தெரிந்துகொண்டு பேனாவைப் பிடிப்பது நல்லது. எதிரில் இருப்பவர் சொன்னதை நம் நடையில் திருத்தி எழுதும்போது, அவர் பேசாத ஒன்றை அவர் வாயில் வைத்துவிடுகிறோம்.

இதனால் எழுத்துப் பயிற்சியில் நான் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன். ‘காரிலிருந்து இறங்கினார்’ என்று எழுத எளிய சொற்கள் இருக்கும்போது, ‘எக்ஸிட்டட் த வெஹிக்கிள்’ என்று எழுதினால்தான் போலீஸ் ஆங்கிலம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. படிக்கும்போது அந்த நடை புரிந்தாக வேண்டும், ஏனென்றால் பழைய ரிப்போர்ட்டுகள் முழுக்க அப்படித்தான் இருக்கும். எழுதும்போது அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வயர்லெஸ்ஸில் பியும் டியும்

படிப்பதைப் பற்றிப் பேசும்போது உரக்கப் படிப்பதை விட்டுவிட முடியாது. வாகன எண்ணையோ பெயரையோ வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்வது தினசரி வேலை. நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பி’. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ‘டி’. நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு எது எது என்று தெரியாமல் போகும். இரைச்சல் நிறைந்த வயர்லெஸ்ஸில் எந்த மொழிக்காரருக்கும் இதே குழப்பம்தான். அதற்காகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லை வைத்திருக்கிறார்கள். பிராவோ, பாப்பா, டெல்டா, டேங்கோ. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு இப்போதைய பட்டியலை 1956இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒன்பதை நைன் என்று விடாமல் நைனர் என்கிறார்கள், ஐந்தின் ஒலியோடு கலந்துவிடக்கூடாது என்று. இந்த இருபத்தாறு சொற்களைத் தூக்கத்திலும் சொல்ல வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மனப்பாடம் செய்ய நான் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் ஒரே பட்டியல் இது.

எண் குறியீடுகள் வேறு கதை. பத்து-நான்கு என்றால் ‘செய்தி கிடைத்தது’ என்பது பலருக்கும் தெரியும். அமெரிக்கப் போலீஸ் வயர்லெஸ்ஸில் 1930களின் இறுதியில் பிறந்த இந்தக் குறியீடுகள் காலப்போக்கில் ஊருக்கு ஊர் பொருள் மாறின. இரண்டு துறைகள் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்யும்போது ஒரே எண் இருவருக்கும் வேறுவேறாக அர்த்தமானது. கடைசியில் 2006 முதல், பல துறைகள் கூடும் சம்பவங்களில் எளிய சொற்களையே பயன்படுத்த வேண்டும், அப்போதுதான் மத்திய நிதியுதவி என்று அந்நாட்டு அரசு நிபந்தனை வைத்தது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே எளிய சொற்களுக்குத் திரும்பியிருக்கும்போது, நம் மாணவர்கள் குறியீட்டுப் பட்டியல்களில் நேரம் செலவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை 1994இல் திறக்கப்படுவதற்கு முன்பே, இருபக்கப் போலீஸாரும் பேசிக்கொள்ள ‘போலீஸ்ஸ்பீக்’ என்ற பெயரில் ஒரு மொழித்திட்டம் தொடங்கினார்கள். காவலர்களின் உண்மையான வயர்லெஸ் பேச்சை ஆராய்ந்து, அதிலிருந்து சொற்களையும் வாக்கிய முறைகளையும் வகுத்தார்கள். பாடம் உருவாக்க அதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். வேலையில் உண்மையாகப் புழங்கும் வாக்கியங்கள் முதலில் வர வேண்டும், பட்டியல் அவற்றிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

சரியான சொல் தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டதன் விலை 1990 ஜனவரி 25 அன்று தெரிந்தது. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம் மோசமான வானிலையால் நெடுநேரம் வானில் வட்டமிட வைக்கப்பட்டது. விமானிகள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைச் சொன்னார்கள், ‘ப்ரயாரிட்டி’ கேட்டார்கள். ‘எமர்ஜென்சி’ என்று அறிவிக்கவில்லை. தரையில் கேட்டவர்களுக்கு அவசரத்தின் அளவு எட்டவில்லை. லாங் ஐலேண்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். கன்ட்ரோல் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு இதை இரண்டு பக்கமிருந்தும் படிக்கச் சொல்வேன். சொல்கிறவர் இடத்தில் இருந்தால் எந்தச் சொல் உதவியை உடனே கொண்டுவரும், கேட்கிறவர் இடத்தில் இருந்தால் எந்தக் கேள்வி அந்தச் சொல்லை வெளியே கொண்டுவந்திருக்கும். போனில் அழைப்பவர் தயங்கித் தயங்கிப் பேசுகிறார் என்பதால் ஆபத்து சிறியது என்று ஆகிவிடாது. பயந்தவர்களும் மொழி போதாதவர்களும் மென்மையாகத்தான் பேசுவார்கள்.

புரிந்ததா என்று கேட்காதீர்கள்

கட்டளைத் தாள்களில் இன்னொரு சிறிய சொல் இருக்கிறது, ‘அன்லெஸ்’. டியூட்டி ஆபீஸர் உறுதி செய்தாலொழிய கேட்டைத் திறக்காதே என்பது தமிழில் ‘ஒழிய’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வைக்கும். ஆங்கிலத்தில் முதலில் ‘திறக்காதே’ வந்துவிடும், விதிவிலக்கு வாலில் வரும். பாதி படித்துவிட்டு நிமிர்கிறவர் ஆபீஸர் சொன்ன பிறகும் திறக்க மறுப்பார். இன்னொருவர் அதை ‘இஃப்’ போலப் படித்து உறுதிக்காகக் காத்திருக்காமலே திறந்துவிடுவார். ‘அன்டில்’, ‘எக்ஸெப்ட்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். செய்யலாம் என்பதற்கும் செய்தே ஆகவேண்டும் என்பதற்கும் நடுவே ஒருவருடைய சுதந்திரமே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் புரிந்ததா என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு எந்த மதிப்பும் இல்லை. கைது செய்யும்போது வாசிக்கப்படும் உரிமைகள் விஷயத்தில் இது பெரிய பிரச்சினையாகவே பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு, காவலில் வைத்து விசாரிக்கும் முன் ஒருவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் வாசிக்கப்படும் எச்சரிக்கையோ இன்னும் சிக்கலானது. பேசாமல் இருக்கலாம், ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் சொல்லப்போவதை இப்போது கேட்கும்போது சொல்லாவிட்டால் அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம் என்று ஒரே மூச்சில் வரும். சொற்கள் எளியவை, வாக்கியம் முடிச்சு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ‘புரிந்ததா’ என்றால் ஆம் என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காகவும் பயத்தினாலும். மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் சட்ட அறிஞர்களும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு உரிமையையும் அவருடைய சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்கிறது. என் வகுப்பிலும் இதையே பின்பற்றுகிறேன். ஆங்கிலப் பத்தியை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் கேட்டால் பத்தியில் உள்ள சொற்களையே திருப்பி வைத்துத் தப்பித்துவிடலாம். தமிழில் சொல்லும்போது பையைப் பார்த்தது யார் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது, ‘ஆம்’ போடுவதா வேண்டாமா என்று வினையின் முடிவில் நின்றே ஆக வேண்டும்.

ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிக்கிறவர்கள் எதைப் படிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படியுங்கள் என்பேன். பல நாடுகளின் விசாரணை அமைப்புகள் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. விபத்தை விசாரிப்பதற்கான சர்வதேச விதிமுறை அந்த அறிக்கைக்கு ஒரு வடிவம் வகுத்திருக்கிறது. முதலில் நடந்தவை, உறுதி செய்யப்பட்ட தகவல்கள் மட்டும். பிறகு அலசல். அதன் பிறகு முடிவுகள், கடைசியில் பரிந்துரைகள். பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனி அத்தியாயங்களாகவே பிரித்து வைத்திருக்கும் எழுத்து அதைவிட வேறு எங்கும் எனக்குத் தெரியவில்லை. நீளமான அறிக்கை வேண்டாம், சிறிய விமானம் ஒன்றின் சில பக்க அறிக்கை போதும். முதல் பகுதியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன நடந்திருக்கும், அதற்கு எந்த வரி ஆதாரம் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ நீங்களே நான்கு வரி எழுதுங்கள். பிறகு அலசல் பகுதியைத் திறந்து, உங்கள் ஊகங்களில் எவற்றுக்கு அவர்களும் ஆதாரம் காட்டியிருக்கிறார்கள், எவற்றைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.